மூலம் என்று எழுதும் முன்

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர், மேம்பாலத் தூண், மின்கம்பம் என்று இடம் கண்ட இடமெல்லாம் ஒட்டப்படும் மருத்துவ விளம்பரம் ஒன்று உண்டு. மூலம், பௌத்திரம், வெடிப்பு; ஆபரேஷன் இல்லை, ஒரே நாளில் குணம்; கீழே ஒரு கைப்பேசி எண். போட்ட காசு திரும்பாமலா ஆண்டாண்டாக ஒட்டிக்கொண்டிருப்பார்கள்? அந்த இடத்தில் நோவு வந்தால் வீட்டில் சொல்ல முடியாது, டாக்டரிடமும் வாய் வராது. இந்தக் கூச்சம்தான் அந்த வியாபாரத்தின் முதலீடு.

கூச்சத்தைத் தாண்டி மருத்துவமனைக்கே வந்துவிட்டவரின் கதை மட்டும் என்ன? புறநோயாளிப் பிரிவின் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. “ரத்தம் போவுது சார், மூலம்னு நெனைக்கிறேன்” என்கிறார் வந்தவர். டாக்டர் தலை நிமிர்வதற்குள் சீட்டில் களிம்பும் மலமிளக்கியும் ஏறிவிடுகின்றன. காரத்தைக் குறைக்கவும் தண்ணீர் நிறையக் குடிக்கவும் அறிவுரை வேறு. படுக்கவைத்துப் பார்க்க வேண்டுமானால் திரை வேண்டும், கையுறை வேண்டும், இரண்டு நிமிடம் வேண்டும். பார்க்காமல் விட்டதில் நோயாளிக்கும் நிம்மதிதான். நோய் இன்னதென்று முடிவுகட்டியவர் நோயாளி, டாக்டர் வழிமொழிகிறார். பெரும்பாலும் அது மூலமாகவே இருந்தும் விடுகிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் யாரையும் உறுத்தாமல் நீடிக்கிறது.

மூலமாக இல்லாமல் போகும் அந்தச் சிலரில் சிலருக்கு இருப்பது ஆசனவாய்ப் புற்றுநோய். பொதுமக்களிடையே இது அரிய நோய். ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் அல்லது இருவர். உலகம் முழுவதும் சேர்த்தால் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கை. ஆகவே ஊரில் உள்ள எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அது வீண் செலவு, வீண் பீதி. ஆனால் இந்த நோய் எல்லோர் மீதும் ஒரே சீராக விழுவதில்லை. சில குழுக்களின் மீது பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று குவிகிறது. அந்தக் குழுக்களில் உள்ளவர்கள் யார், எங்கே வருகிறார்கள், எந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் நம் அரசு மருத்துவமனைப் பதிவேடுகளிலேயே இருக்கிறது. என் வாதம் அவர்களைப் பற்றியது மட்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் அதே எச்பிவி வைரஸ்தான் இதற்கும் காரணம். ஆசனவாய்ப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது இந்த வைரஸால் வருவது; அதிலும் 16ஆம் வகையின் கைவரிசையே பெரும்பங்கு. எச்பிவிக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் காட்டியதற்காக ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். கருப்பைவாயில் இரண்டு வகைத் திசுக்கள் சந்திக்கும் ஓர் எல்லை உண்டு. ஆசனவாய்க்குள்ளும் ஒன்றிரண்டு அங்குலத்துக்குள் அப்படியோர் எல்லை இருக்கிறது. வெளித்தோலின் தொடர்ச்சியும் குடலின் ஈரச் சவ்வும், ஆறும் கடலும் கலக்கும் கழிமுகம் போல, அங்கே ஒன்றோடொன்று கலக்கின்றன. செல்கள் ஓயாமல் உருமாறும் அந்த இடத்தில் வைரஸ் எளிதில் குடியேறுகிறது. பெரும்பாலோரின் உடம்பு ஓரிரு ஆண்டுகளில் அதை விரட்டிவிடும். நோய் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவர்களிடம் அது தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் செல்கள் மெல்ல மெல்லக் குணம் மாறி, புற்றுநோய்க்கு முந்தைய நிலையை அடைகின்றன. அந்த நிலையில் வலியும் இல்லை, ரத்தமும் இல்லை.

முந்தைய நிலையிலேயே கண்டுபிடித்து அகற்றினால் புற்றுநோய் குறையுமா? கருப்பைவாயில் குறைகிறது என்பது பல பத்தாண்டு அனுபவம். ஆசனவாயிலும் அப்படித்தான் இருக்கும் என்பது வெகுகாலம் வெறும் ஊகமாகவே இருந்தது. நியூயார்க் மாநிலம் போன்ற ஓரிரு இடங்கள் ஊகத்தை நம்பியே பரிசோதனையைத் தொடங்கின. மற்றவர்கள் ஆதாரம் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. அகற்றிய இடத்திலோ அதன் பக்கத்திலோ இந்தத் திசுமாற்றம் திரும்ப வருவது வாடிக்கை. பலமுறை சுட்டும் வெட்டியும் நோயாளியை வதைத்துவிட்டுக் கடைசியில் பயனில்லை என்றால் யார் பொறுப்பு?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அமெரிக்காவில் 2014இல் தொடங்கியது ‘ஆங்கர்’ ஆய்வு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த ஜோயல் பலெஃப்ஸ்கி அதன் தலைவர். எச்ஐவியோடு வாழும், 35 வயதோ அதற்கு மேலோ ஆன 10,723 பேரைப் பரிசோதித்தார்கள். முதல் அதிர்ச்சி அங்கேயே காத்திருந்தது: ஆண்களில் 53 சதவீதத்தினரிடமும், பெண்களில் 46 சதவீதத்தினரிடமும், திருநர்களில் 62 சதவீதத்தினரிடமும் முற்றிய திசுமாற்றம் இருந்தது. அவர்களிலிருந்து 4,459 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே சிகிச்சை. மறுபாதிக்குச் சிகிச்சை இல்லாமல் நெருக்கமான கண்காணிப்பு. பெரும்பாலோருக்குச் செய்தது, மரத்துப்போக ஊசி போட்டு மின்சூட்டுக் கருவியால் அந்த இடத்தைச் சுடுவதுதான். படுக்கையில் சேர வேண்டியதில்லை.

2021 அக்டோபரில் ஆய்வின் பாதியிலேயே கண்காணிப்புக் குழு கை காட்டி நிறுத்தச் சொன்னது. சிகிச்சை பெற்றவர்களில் 9 பேருக்கும், பெறாதவர்களில் 21 பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. 57 சதவீதக் குறைவு. பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு, மறுபாதியைச் சிகிச்சையின்றி வைத்திருப்பது அறமாகாது என்று எல்லோருக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. முடிவுகள் 2022 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாயின. இரண்டே ஆண்டில் சர்வதேச ஆசனவாய்த் திசுமாற்றச் சங்கத்தின் வழிகாட்டுதல் வந்தது. 2024 ஜூலையில் எச்ஐவி சிகிச்சைக்கான அமெரிக்க அரசின் வழிகாட்டுதலும் இந்தப் பரிசோதனையைச் சேர்த்துக்கொண்டது.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிகிச்சை பெற்றும் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை பெறாத குழுவிலும் முற்றிய திசுமாற்றம் உள்ள ஆயிரம் பேரில் ஆண்டுக்கு நான்கு பேருக்குத்தான் புற்றுநோய் வந்தது. மற்றவர்கள் அந்த ஆண்டு அதைச் சுமந்துகொண்டே நடமாடியவர்கள். யாருக்கு முற்றும், யாருக்கு முற்றாது என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லும் வழி இன்னும் கைக்கு வரவில்லை. நால்வரைக் காப்பாற்ற ஆயிரம் பேரையும் சுட வேண்டியிருக்கிறது என்று ஒருவர் ஆட்சேபித்தால் அவரைப் பிற்போக்குவாதி என்று சொல்லிவிட முடியாது. அந்த நால்வர் அடுத்த ஆண்டு எண்மர், பத்தாண்டில் நாற்பதை நெருங்குவார்கள் என்பதுதான் எதிர்வாதம். என் ஓட்டு எதிர்வாதத்துக்கு. ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆபத்து யார் யாருக்கு என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை 2021இல் வந்தது. எச்ஐவியோடு வாழும், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 85 பேர். எச்ஐவியோடு வாழும் மற்ற ஆண்களில் 32. எச்ஐவியோடு வாழும் பெண்களில் 22. எச்ஐவி இல்லாத, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் 19. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களில் 13. பெண்ணின் வெளிப்புறப் பிறப்புறுப்பில் புற்றுநோய் வந்தவர்களில் 48. இந்தக் கடைசி எண்ணை நம் மகப்பேறு மருத்துவர்களில் எத்தனை பேர் மனத்தில் வைத்திருப்பார்கள்? கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்து பிழைத்தவர்களிலும் ஆபத்து பொதுமக்களைவிடச் சில மடங்கு அதிகம்.

இது ஓரினச் சேர்க்கையாளர்களின் நோய் என்ற நினைப்பு மருத்துவர்களிடமே பரவலாக இருக்கிறது. மொத்தக் கணக்கில் பார்த்தால் உலக அளவில் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். ஆசனவாய் வழி உறவே இல்லாதவர்களுக்கும் வருகிறது. பிறப்புறுப்பிலிருந்து பக்கத்துத் தோலுக்கு வைரஸ் பரவுவதற்கு அப்படியொரு உறவு தேவையில்லை. நோய் தெரிந்த பெண்ணைப் பார்த்துக் கணவரும் மருத்துவப் பணியாளரும் பார்க்கும் ஒரு பார்வை இருக்கிறதே, அதற்கு அறிவியலில் எந்த ஆதரவும் கிடையாது. அமெரிக்க நடிகை ஃபாரா ஃபாசெட் 2006இல் தனக்கு இந்த நோய் என்று அறிந்தார், 2009இல் இறந்தார். தன் சிகிச்சையைத் தானே படமெடுக்க வைத்து, சாவதற்கு ஒரு மாதம் முன்பு தொலைக்காட்சியில் ஒளிபரப்பச் செய்தார். அவர் மறைந்த அன்றே மைக்கேல் ஜாக்சனும் இறந்ததால் அந்தச் செய்தி அமுங்கிப்போனது. நடிகை மார்சியா கிராஸ் 2019இல் தனக்கு வந்ததும் இதுவே என்று சொல்ல முன்வந்தார். நம் நாட்டில் பெயர் தெரிந்த ஒருவர் இதை வெளியே சொல்லும் நாளை நான் இப்போதைக்கு எதிர்பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் இப்போது இதைப் பேசுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில்; மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். 2004 ஏப்ரலில் மத்திய அரசு கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் ஒன்று தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு மருத்துவமனை. அன்று மருந்து எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே போனவர்களுக்கு, அதாவது உடம்பு ஏறக்குறையக் கைவிட்ட நிலைக்கு வந்தவர்களுக்குத்தான் மாத்திரை. ஒரு காலத்தில் சிடி4 அந்த அளவுக்குச் சரிந்திருந்தால், பிறகு மருந்தால் ஏறினாலும் ஆசனவாய்ப் புற்றுநோயின் ஆபத்து கூடுதலாகவே தொடர்கிறது. அன்று முப்பது வயதில் மாத்திரை தொடங்கியவர் இன்று ஐம்பதைக் கடந்தவர். காசநோயிலிருந்தும் நிமோனியாவிலிருந்தும் அவரைக் காப்பாற்றினோம். புற்றுநோய் வருவதற்குப் போதிய ஆயுளையும் கொடுத்திருக்கிறோம்.

உறுப்பு மாற்று சிகிச்சையின் கணக்கும் இப்படித்தான். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு தானம் பெறும் திட்டம் தமிழ்நாட்டில் 2008இல் உருவெடுத்தது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயரும் வாங்கியது. உறுப்பு பெற்றவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மாற்று சிகிச்சை முடிந்து பத்தாண்டு கடந்தால் ஆசனவாய்ப் பரிசோதனை தொடங்க வேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். முதல் அலையில் உறுப்பு பெற்றவர்கள் அந்த எல்லையைத் தாண்டி வெகுநாளாகிறது.

சரி, என்ன பரிசோதனை? அமெரிக்க முறையில் முதலில் ஆசனவாயிலிருந்து பஞ்சுக் குச்சியால் செல்களை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மாறுபாடு தெரிந்தால் அடுத்தது உருப்பெருக்கி வழியே பார்க்கும் பரிசோதனை. ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி, மூன்று முதல் ஐந்து சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியை உள்ளே ஓரிரு நிமிடம் வைத்து எடுக்கிறார்கள். குணம் மாறிய திசு வெளுத்துத் தெரியும். பிறகு அயோடின் தடவினால் நல்ல திசு கருஞ்செம்மையாகவும், கெட்டது மஞ்சளாகவும் பிரிந்து நிற்கும். சந்தேகப்படும் புள்ளியிலிருந்து அரிசி முனையளவு சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். கருவி எளிது, பார்க்கும் கண்தான் அரிது. மடிப்பும் சுருக்கமும் மூலச் சதையும் நிறைந்த இடத்தில் எது மாற்றம், எது வெறும் அழற்சி என்று சொல்ல நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்த பழக்கம் வேண்டும். அமெரிக்காவிலேயே இதில் தேர்ந்தவர்கள் போதவில்லை.

என் நிபந்தனை இங்கேதான் வருகிறது. இந்த இரண்டாவது கட்டத்துக்கு ஆள் இல்லாமல் முதல் கட்டத்தைத் தொடங்கவே கூடாது. பஞ்சுக் குச்சிப் பரிசோதனையைத் தனியார் ஆய்வகங்கள் ‘பேக்கேஜ்’ போட்டு விற்கத் தொடங்கினால் நாளைக்கே ஆயிரம் பேர் கையில் ‘அசாதாரணம்’ என்ற சீட்டு இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போக இடம் இருக்காது. பரிசோதனைத் திட்டங்களுக்கான இலக்கணத்தை உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் எழுதியபோதே, நோயை உறுதிசெய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும் என்பதை ஒரு விதியாக வைத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும், முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலையும் நம் பழக்கத்துக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. சர்வதேச வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: உருப்பெருக்கிப் பரிசோதனைக்கு வசதி இல்லாத இடத்தில் செல் பரிசோதனை வேண்டாம், நோயின் அறிகுறிகளைக் கேளுங்கள், விரலால் பரிசோதியுங்கள்.

விரல் பரிசோதனை என்றால் என்னவென்று சொல்லிவிடலாம். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை நெஞ்சை நோக்கி மடக்க வேண்டும். முதலில் வெளியே தோலைப் பார்ப்பார்கள்: மரு, புண், நிறமாற்றம், வெடிப்பு. பிறகு கையுறை அணிந்த விரலில் வழுவழுப்பான ஜெல் தடவி, மெதுவாக உள்ளே செலுத்தி, கடிகார முள் போவதுபோல ஒரு முழுச் சுற்று. மூலச் சதை மெத்தென்று அழுந்தும். கட்டி கெட்டியாக, விளிம்பு தட்டுப்படும்படி இருக்கும். கவட்டையில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். கையுறைக்கும் ஜெல்லுக்கும் ஆகும் செலவை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்கு முந்தைய நிலை விரலுக்குப் பெரும்பாலும் தட்டுப்படாது. ஆகவே ஆங்கர் ஆய்வு காட்டிய அந்த 57 சதவீதத்தை விரலால் எட்ட முடியாது. விரல் செய்வது வேறு வேலை: இரண்டு சென்டிமீட்டரை எட்டாத கட்டியைக் கண்டுபிடிப்பது. அதன் மதிப்பு சிகிச்சையைப் பார்த்தால் புரியும். 1970கள் வரை இந்த நோய்க்கு ஆசனவாயையே அகற்றி, வயிற்றில் துளையிட்டு, ஆயுளுக்கும் பை மாட்டிவிடுவதுதான் வழி. டெட்ராய்ட் நகரின் நார்மன் நிக்ரோ, அறுவை சிகிச்சைக்கு முன் இரண்டு கீமோ மருந்துகளையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். வெட்டி எடுத்த சதையில் புற்றே இல்லை. 1974இல் அவர் எழுதிய சிறு கட்டுரை சிகிச்சையைத் தலைகீழாக மாற்றியது. நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சும் கீமோவும்தான் இன்றும் முதல் சிகிச்சை. ஓரிடத்தில் நிற்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். தொலைவுக்குப் பரவிய பிறகு என்றால் மூன்றில் ஒருவர்தான். களிம்பு தடவிக் கழித்த மாதங்களின் விலை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிறது.

உருப்பெருக்கிப் பரிசோதனை நமக்கு எட்டாக்கனி என்றும் நான் நினைக்கவில்லை. அசிட்டிக் அமிலம் தடவி வெளுப்பதைப் பார்க்கும் முறையை ஏழை நாடுகளுக்கான கருப்பைவாய்ப் பரிசோதனையாக உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானது நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. அம்பிளிக்கையில் உள்ள சமுதாய மருத்துவமனையோடு சேர்ந்து சங்கரநாராயணன் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பரிசோதித்தார்கள். நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. அதே ஆண்டு தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரித்தது. அதனால் மருத்துவக் கல்லூரிகளில் கருப்பைவாயைப் பார்க்கும் உருப்பெருக்கி இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆசனவாய்க்கும் பயன்படுவது அதே கருவிதான். தெரிந்த கண்ணைப் பழக்குவது, எதுவுமே தெரியாத கண்ணைப் பழக்குவதைவிட எளிது. எல்லா ஊரிலும் வேண்டாம். சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று என்று இரண்டு இடங்களில் அறுவை சிகிச்சை மருத்துவர், மகப்பேறு மருத்துவர், நோய்க்குறியியல் நிபுணர் ஆகிய மூவரை ஒன்றாக அமர்த்திப் பயிற்சி கொடுத்தால் தொடக்கத்துக்குப் போதும். அவர்கள் கை தேறிய பிறகு செல் பரிசோதனையைப் பேசலாம்.

அதுவரை, எச்ஐவிக்கான கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மையங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று கேள்வியும் ஒரு விரல் பரிசோதனையும். ரத்தம் போகிறதா, வலியோ கட்டியோ தட்டுப்படுகிறதா, ஆறாத அரிப்போ கசிவோ இருக்கிறதா? ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் 35 வயதிலிருந்து. எச்ஐவியோடு வாழும் மற்றவர்களுக்கு 45 வயதிலிருந்து. வேறு எந்த நோயிலும் ஆபத்துள்ளவர்கள் இப்படி மாதாமாதம் தாமாகவே நம் வாசலுக்கு வந்து நிற்பதில்லை. மாத்திரை வாங்க வருகிறார்கள், எடை பார்க்கிறோம், இருமல் இருக்கிறதா என்று காசநோய்க்காகக் கேட்கிறோம். அதையெல்லாம் குறிக்கும் அட்டையில் இன்னொரு கட்டம் சேர்க்கப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை.

தேவைப்படுவது மரியாதை. எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் வாசலைத் தாண்டவே ஒரு திருநங்கைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பதை அந்த மையங்களின் ஆலோசகர்கள் அறிவார்கள். அவரைப் பரிசோதனை மேசையில் படுக்கச் சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க நாலு பயிற்சி மருத்துவர்களைக் கூப்பிட்டால் அவர் மறுபடி வரமாட்டார். மாத்திரைக்கும் வராமல் போகலாம். யார் பரிசோதிப்பது என்பதை அவரிடம் கேட்க வேண்டும். உடன் ஒருவர் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அடுத்த ஆண்டு மறுபடி கேட்கலாம். எச்ஐவி உள்ளவர்களை மருத்துவமனையில் பாகுபடுத்துவதைத் தடை செய்யும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கொடுக்கை ஒடித்தது. ‘யாரோடு உறவு?’ என்று டாக்டர் கேட்பதும் நோயாளி சொல்வதும் இனி குற்ற விசாரணை ஆகாது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் குரல் மாறாமல் கேட்க நம் மருத்துவக் கல்லூரிகள் இன்னும் சொல்லித் தரவில்லை.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைரஸ் ஏற்கெனவே குடியேறியவர்களுக்கு அது பயன்படாது; எச்ஐவியோடு வாழும் 27 வயதைக் கடந்தவர்களுக்குப் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு, பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. முன்கூட்டியே போட்டால் ஆசனவாய்த் திசுமாற்றத்தையும் தடுக்கிறது என்பது 2011இலேயே இளைஞர்களிடம் நடந்த ஆய்வில் தெளிவானது. ஆஸ்திரேலியா 2013இலிருந்து பையன்களுக்கும் போடுகிறது. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசியை அறிவித்தது நல்ல தொடக்கம். எல்லாப் பையன்களுக்கும் உடனே போட நிதி இடம் தராமல் போகலாம். ஆனால் பிறவியிலேயே எச்ஐவி தொற்றோடு பிறந்து, இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புனேயில் தயாராகும் ‘செர்வாவாக்’ எச்பிவி தடுப்பூசி 9 வயது முதல் 26 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும் அனுமதி பெற்றது. அந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதல்ல. அவர்களின் பெயரும் வயதும், அடுத்து மாத்திரை வாங்க வரும் தேதியும்கூட ஏஆர்டி மையத்தின் கணினியில் இருக்கின்றன. அவர்களை முதல் பட்டியலில் சேர்க்க ஓர் அரசாணை போதும்.